புள்ளிக்கோட்டில் ஓர் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மூக்கில் புதுக் கண்ணாடியை உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தபோது சுகந்தியின் போன் அதிர்ந்தது. உறவுகளைத் தேடித் தரும் ‘கிளை’ செயலியிலிருந்து செய்தி. ரெஜினாக்கா ஏதாவது படம் அனுப்பியிருப்பாள் என்று நினைத்து, தலைமையாசிரியரை அனுப்பிவிட்டு நிதானமாகத்தான் திறந்தாள்.

படம் இல்லை. ஆவணமோ சோதனையோ இல்லாமல் கணிப்பில் மட்டும் சேர்க்கப்பட்ட உறவுகளை, நீதிமன்ற உத்தரவுப்படி இனிமேல் புள்ளிக்கோட்டில்தான் காட்ட வேண்டும் என்று இரண்டு வரி. கீழே அவளுடைய குடும்ப மரம். கணவன் மதியழகனுக்கும், புனேயில் படிக்கும் மகனுக்கும் போகிற கோடுகள் அப்படியே இருந்தன. அவளிடமிருந்து மேலே போய், மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் அக்கா ரெஜினாவிடம் இறங்கும் கோடு மட்டும் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது.

போனை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். புள்ளிகள் போகவில்லை.

சுனாமிக்கு மறுநாள் வேளாங்கண்ணியில் ஒரு நிவாரண முகாமில் யாரோ கொண்டுவந்து விட்ட குழந்தை சுகந்தி. மூன்று வயதா நான்கா என்று யாருக்கும் தெரியாது. பெயரைக் கேட்டால் அழுதாள். தஞ்சாவூரில் ஒரு காப்பகத்தில் சுகந்தி என்று பெயர் வைத்தார்கள். பள்ளியில் சேர்க்கும்போது, ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் போடுவதைப் போல ஜூன் ஒன்று என்று பிறந்தநாள் போட்டார்கள். இன்ஷியல் வேண்டுமே என்று வார்டன் தன் பெயரின் முதலெழுத்தையே கொடுத்துவிட்டார்.

படித்தாள், திருச்சிக்கு வந்தாள், உறையூரில் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பழுதுபார்க்க வந்த மதியழகனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதன். அவன் பக்கத்து உறவு ஒரு பஸ் கொள்ளாது. மகனுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும் என்றார்கள். தாய்மாமனுக்கு எங்கே போவது? மதியழகனின் சிநேகிதர் ஒருவர் மடி கொடுத்தார். எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள். சுகந்தி மண்டபத்தின் பின்பக்கக் குழாயில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

தனியார் கம்பெனிகள் மரபணுச் சோதனை செய்யக்கூடாது என்று சட்டம் வந்த பிறகுதான் ‘கிளை’ பரவியது. எச்சிலும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். பழைய முகாம் பட்டியல், பள்ளிப் பதிவு, பத்திரிகைச் செய்தி, காணாமல்போனவர்களின் படம், இப்போதைய முகம், நடக்கிற விதம், குரல் எல்லாவற்றையும் அதுவே ஒப்பிட்டுப் பார்த்து உறவைத் தேடித் தந்தது. ஒரு ஜூன் ஒன்றாம் தேதி மதியழகன்தான் அவளுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான்.

“மொதல்ல உன்கிட்ட இருந்து ஆரம்பிக்கணுமாம். அப்புறம் ஒவ்வொரு படியா மேல போகணும்” என்றான்.

தன் பெயரை எழுதினாள். அடுத்த கட்டம் அப்பா பெயர். அங்கே கோடு மின்னிக்கொண்டு காத்திருந்தது. தெரியாவிட்டால் குடும்பத்து மூத்தவர்களைக் கேட்கலாம் என்று யோசனை சொன்னது. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் விடவில்லை. மாதக்கணக்கில் சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள். ஒரே பெயரை நாலு எழுத்துக்கூட்டில் தேடினாள். யாரோ அவசரமாக எழுதிய முகாம் பட்டியல்களைப் பெரிதுபண்ணிப் பெரிதுபண்ணிப் படித்தாள். எதுவும் கிடைக்கவில்லை. ஒருநாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “போதும்ங்க” என்றாள். சில வாரம் கழித்து ‘கிளை’ தானாகவே கூப்பிட்டது. உங்களுக்கு ஒரு சகோதரி இருக்கக்கூடும் என்றது.

ரெஜினா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பா, அம்மா, தங்கை ஸ்டெல்லாவோடு வேளாங்கண்ணிக்கு வந்திருக்கிறாள். மறுநாள் கடல் வந்தது. மூன்று வயது ஸ்டெல்லாவைக் காணோம் என்று பதிவு. அப்பா பிறகு இறந்துபோனார். அம்மா ஆரோக்கியம்மாள் மட்டும் ஈப்போவில் மூத்த மகளோடு இருந்தாள்.

சுகந்தி ஈப்போவில் போய் இறங்கிய அன்று அந்த அம்மாள் வாசலிலேயே அவள் காதைப் பிடித்துப் பார்த்தாள், உச்சியை முகர்ந்தாள், “ஸ்டெல்லா வந்துட்டா” என்று தெருவே கேட்கக் கத்தினாள். அதற்குமுன் சுகந்தி யாரையும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. மறுவருஷம் ஆரோக்கியம்மாள் படுத்தபோது சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். அவளுடைய கையைப் பிடித்தபடிதான் அந்த உயிர் போனது. குழிக்குள் முதல் பிடி மண்ணை ரெஜினாவோடு சேர்ந்து போட்டாள்.

அந்த உறவில் புள்ளி வைக்க எந்த நீதிமன்றத்துக்கு என்ன தெரியும் என்று எரிச்சலோடுதான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தாள்.

மதியழகன் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

“ஏதோ தப்பா வந்திருக்கு, பாருங்க” என்று போனை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தான்.

“பாக்காமலே என்ன யோசனை?”

“உக்காரு சுகந்தி.”

“நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லுங்க.”

“அதுல ‘நிறைவு’ன்னு ஒண்ணு இருக்கு. தேடி ஒண்ணுமே கிடைக்கலன்னா, பொருந்துற மாதிரி இருக்கிற ஒரு ஆளைக் கணிச்சு அதுவே சேர்த்துவிடும். கணக்கு வெச்சிருக்கிறவங்க சம்மதிக்கணும். உன் கணக்கு என் போன்லயும் இருந்துச்சு. நான்தான் விரலை வெச்சேன்.”

“எனக்குத் தெரியாமலா?”

“தெரிஞ்சா நீ வேண்டாம்னுருப்ப.”

“ஆமா. வேண்டாம்னுருப்பேன்.”

“நூத்துக்கு எண்பது நிஜமா இருக்கும்னுதான் போட்டிருந்தான். தினமும் அந்த முகாம் பட்டியலையே பாத்துக்கிட்டு நீ உக்காந்திருந்த. உன்னை அப்படிப் பாக்க முடியல.”

“அப்ப கண்ணை மூடிக்கிட்டிருந்திருக்கலாமே.”

அவன் வெங்காயத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினான்.

“நாலு வருஷமா அக்கா அக்கான்னு பேசுறேன். பக்கத்துல உக்காந்து சிரிச்சீங்க. ஈப்போவுக்கு வந்தீங்க. அம்மா போனப்ப என்னைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டீங்க. அப்பக்கூடச் சொல்லணும்னு தோணலயா?”

“நீ அழுத அழுகை நிஜம்தானே சுகந்தி?”

“என்னோடது நிஜம். உங்களோடது?”

நறுக்கிய வெங்காயம் பலகையிலேயே கிடந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சமைக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போகாமல் மத்தியானம் வரை காத்திருந்தாள். ரெஜினாவுக்கு ஒரு நடைக்கும் இன்னொரு நடைக்கும் நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் நேரம் அது. பாவம், அவளும் ஏமாந்தவள்தானே, மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தாள்.

“அக்கா, வண்டியை ஓரமா நிறுத்தியிருக்கீங்களா?”

“நிறுத்திட்டேன் லா. எனக்கும் அந்த மெசேஜ் வந்துச்சு.”

“பயப்படாதீங்க. கவர்மெண்ட் லேப்ல டெஸ்ட் எடுத்துக்கலாமாம், கோர்ட்டே சொல்லிருக்கு. எண்பது சதவீதம் நாம அக்கா தங்கச்சிதான். எடுத்துருவோம்க்கா.”

“வேணாம் சுகந்தி.”

நாலு வருஷமாகச் சுகந்தியை ஸ்டெல்லா என்று மட்டுமே கூப்பிட்டு வந்தவள் ரெஜினா.

“ஏன் வேணாம்?”

“ஸ்டெல்லாவ நான் பாத்தேன். அப்பாவும் நானும்தான் பாத்தோம். வரிசையா படுக்க வெச்சிருந்தாங்க. அந்த மஞ்ச கவுனு. எனக்குப் பதினோரு வயசு. கத்தப் போனேன், அப்பா என் வாயப் பொத்திட்டாரு. அம்மா ஆஸ்பத்திரில கெடந்தாங்க. இப்பச் சொன்னா அவளும் போயிடுவா, சொல்லாதன்னு சொன்னாரு. காணோம்னே பதிஞ்சிட்டாரு. எல்லாரோடயும் சேத்து அங்கேயே பொதைச்சிட்டாங்க.”

சுகந்தி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளுக்கு உடுப்பு எடுப்பாங்க. வருஷா வருஷம் சைஸு கூட்டிக் கூட்டி. முப்பது வருஷத்துக்கு மேல. நானும் கூடப் போயி கலர் சொல்லுவேன். எவ்ளோ கஷ்டம் தெரியுமா அது? அப்போதான் கிளையில இருந்து உன் முகம் வந்துச்சு. சரின்னு அழுத்திட்டேன்.”

“எனக்குக் குடுத்தாங்களே, அந்த ஊதாப் புடவை...”

“அதுவும் அதுல ஒண்ணுதான்.”

“அப்ப நான் யாருக்கா உங்களுக்கு?”

“அம்மா சந்தோஷமா போய்ச் சேந்தாங்க. மருந்து மாதிரி வந்த நீ.”

“மருந்துகிட்ட யாரும் சம்மதம் கேக்கமாட்டாங்க இல்ல?”

“அப்படிப் பேசாத லா. அம்மா போனப்பறமும் நான் உன்கிட்ட தெனமும் பேசிட்டுதானே இருந்தேன்? அதுக்கு எனக்கு என்னா அவசியம்? யோசிச்சுப் பாரு.”

பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. படியில் ஏறுகிறார்கள் போல. “ஒரு நிமிசம் இரு” என்று ரெஜினா சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுகந்தி இணைப்பைத் துண்டித்தாள்.

கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும்தான் உண்மையிலேயே ஓர் அக்கா இருந்தாள்.

விளக்கம் கேட்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒவ்வொரு ஊரிலும் ஆள் போட வேண்டும் என்பதும் தீர்ப்பில் இருந்தது. திருச்சியில் ‘கிளை’ ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தது. முந்தின நாள் கல்யாணத்துத் தோரணத்தைக்கூட அவிழ்க்கவில்லை. வாசலில் மணமக்கள் பெயரை எழுதிய தெர்மகோல் பலகை சாய்ந்து கிடந்தது. உள்ளே நாற்காலி போதாமல் ஜனம் நின்றது.

சுகந்திக்கு முன்னால் நின்ற பெரியவர் போன வருஷம் ‘கிளை’ கண்டுபிடித்துக் கொடுத்த தம்பிக்குக் கொள்ளி வைத்தவர். “வருஷ திதி வருது. இப்ப நான் யாருக்குத் தர்ப்பணம் பண்றது, அதை மட்டும் சொல்லுங்க” என்று மேசையில் இருந்தவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். பக்கத்து வரிசையில் ஒரு பையன். அவனும் அவன் காதலித்த பெண்ணும் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை என்று மரம் காட்டியதால் பிரித்துவிட்டார்கள். இப்போது அந்தக் கோடு புள்ளியாகிவிட்டது. அவளுக்கோ வேறு இடத்தில் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. அவன் எதையும் கேட்க வந்தவனாகத் தெரியவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தான்.

சுகந்திக்கு வாய்த்தவள் ஹேமப்ரியா என்று மார்பில் பெயர் குத்தியிருந்த இளம்பெண். கண்கள் களைத்திருந்தன.

“உக்காருங்க மேடம். மொதல்ல எங்க சார்புல...”

“மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். ஏன் இப்படிச் செஞ்சீங்க? அதைச் சொல்லுங்க.”

ஹேமப்ரியா மனப்பாடம் செய்து வைத்திருந்ததை விட்டுவிட்டுப் பேசினாள். “நம்ம ஊர்ல குடும்பப் பேர் கிடையாது மேடம், இன்ஷியல்தான். தாத்தா பேரையே பேரனுக்கு வெப்பாங்க. பாதிப் பேருக்குப் பிறந்தநாள் ஜூன் ஒண்ணு. இதை வெச்சுக்கிட்டு நிஜமா கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். ஒண்ணும் கிடைக்காதவங்க மூணு மாசத்துல கணக்கை மூடிட்டுப் போயிடறாங்க. ஒரே ஒரு சொந்தம் கிடைச்சவங்க எப்பவும் போறதே இல்ல. அதனால கிடைக்காதவங்களுக்கும் ஒண்ணு கிடைக்கட்டும்னு மேலிடத்துல முடிவு பண்ணாங்க. ஒரு பக்கம் காணாமப்போன குழந்தை, இன்னொரு பக்கம் கிடைச்ச குழந்தை. ஊரும் வயசும் கிட்டத்தட்ட ஒத்துப்போச்சுன்னா சேர்த்துடும்.”

“எனக்கு அக்கா இல்ல. சரி. என்னை நிஜமா பெத்தவங்கள இனிமே தேடலாம் இல்ல?”

ஹேமப்ரியா திரையைப் பார்த்தாள். பிறகு சுகந்தியைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“என்ன?”

“நிறைவு செஞ்சதும் உங்க பக்கத்தைக் ‘கிடைத்துவிட்டார்’னு மூடிடுவோம் மேடம். அப்புறம் யார் தேடினாலும் உங்க முகம் அவங்களுக்குப் போகாது.”

“யாராவது தேடினாங்களா?”

“கேட்டா சொல்லணும்னு உத்தரவு இருக்கு. ஒருத்தர் தேடியிருக்கார். நாகப்பட்டினம் பக்கம் அக்கரைப்பேட்டை. பேரு அமிர்தலிங்கம். சுனாமியில போன பொண்ணு. பேரு எழுதற இடத்துல ‘பாப்பா’ன்னு மட்டும் இருக்கு. உங்களுக்கு ஈப்போ பொருந்தின அடுத்த வருஷம் வந்திருக்கார். மூடாம இருந்திருந்தா அவருக்கு முதல்ல உங்களைத்தான் காட்டியிருக்கும்.”

சுகந்தி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அவருக்கு என்ன பதில் சொன்னீங்க?”

“பொருத்தம் இல்லைன்னு. அப்புறம்... அவருக்கும் நிறைவு செஞ்சிருக்காங்க.”

“அப்படின்னா?”

“அவருக்கு ஒரு மகள் கிடைச்சிட்டாங்க மேடம். சும்மா வந்துபோற பழக்கம் இல்ல, கூடவே வந்து இருக்காங்கன்னு போட்டிருக்கு.”

சுகந்தி தஞ்சாவூரில் அரசு ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுத்தாள். அக்கரைப்பேட்டையில் முகாம் போட்டு, புள்ளிக்கோடு விழுந்த எல்லோரிடமும் ஏற்கெனவே மாதிரி எடுத்திருந்தார்கள். முடிவு வந்தது. தகப்பனும் மகளும்தான், சந்தேகமில்லை. இரண்டு தரப்புக்கும் முடிவு அனுப்பப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார்கள். சுகந்தி போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒரு வாரம் இருந்தாள். அக்கரைப்பேட்டையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

“நானும் வரட்டுமா?” என்றான் மதியழகன்.

“வேண்டாம்.”

இந்த நாட்களில் அவர்களுக்குள் நடந்த நீளமான பேச்சு அதுதான்.

திருச்சியில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிற தூரம். இத்தனை வருஷமும் இதே தூரம்தான் என்ற நினைப்பு தஞ்சாவூர் தாண்டியதும் வந்து, நாகப்பட்டினம் வரை இறங்கவே இல்லை.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் ஒரு பெண் அலுமினியச் சட்டியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சுகந்தியின் வயதுதான் இருக்கும். நிமிர்ந்து பார்த்ததும் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து, தெருப்பக்கமாக வந்து வழியை மறித்து நின்றாள்.

“சுகந்தி அக்காதானே?”

“எப்படித் தெரியும்?”

“ரிசல்ட்டுல உங்க படம் இருந்துச்சு. அப்பா போனு எங்கிட்டதான் இருக்கும். அவுங்ககிட்ட சொல்லல.” வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “நானும் காப்பகத்துல வளந்தவதான்க்கா. கடலூர்ல. எனக்கும் இதுதான் வீடுன்னு அந்தக் கிளைக்காரன்தான் காட்டுனான், நானா வரல. அப்பாவுக்கு ஒருவாட்டி நெஞ்சுவலி வந்துருச்சு. இத கேட்டா தாங்கமாட்டாரு. அவுரு இருக்கற வரைக்கும் விட்டுருங்க. அப்புறம் நான் போயிடுறேன், எல்லாத்தயும் நீங்களே எடுத்துக்கங்க.”

சுகந்திக்கு அந்தப் பெண் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“என்னைப் பத்தியும் இதையேதான் சொல்லிக்கிட்டாங்க. அவளால தாங்க முடியாது, சொல்ல வேண்டாம்னு. எனக்காக மத்தவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. அதே வேலையை நானும் செய்யமாட்டேன். வழியை விடும்மா.”

உள்ளே அமிர்தலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் காய்ந்த மனிதர். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது.

“வாம்மா. ஆஸ்பத்திரியில இருந்தா?”

சுகந்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் நன்றாகத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றுமில்லை. ஈப்போவில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரோ பெற்ற பிள்ளையை ஆரோக்கியம்மாள் வாசலிலேயே தன் பிள்ளை என்றாள். இவர் பெற்றவர்.

“இல்லங்க. திருச்சியில இருந்து வர்றேன்” என்று மட்டும் சொன்னாள்.

“அம்மாம் தூரத்துல இருந்தா? உக்காரு, உக்காரு. தண்ணி குடி மொதல்ல.”

அந்தப் பெண் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சுகந்தி இடது கையால் வாங்கி அண்ணாந்து குடித்தாள். சொம்பைக் கீழே வைத்தபோது அமிர்தலிங்கம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தைலம் தேய்ப்பது நின்றிருந்தது.

“நீ போயி அந்த மீன கொல்லையில வெச்சு முடிச்சுட்டு வா, போ” என்றார் அந்தப் பெண்ணிடம். அவள் தயங்கினாள். சுகந்தியைப் பார்த்தாள். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டபின் அவர் சொன்னார்.

“வந்துட்டியா.”

“உங்களுக்கு... ரிசல்ட் வந்தது தெரியுமா?”

“எந்த ரிசல்ட்டும் எனக்குத் தெரியாது. எம்பொண்ணு பீச்சாங்கைக்காரி. அவ ஆத்தா அந்தக் கையக் கட்டிப்போட்டு சோறு தின்னப் பழக்குவா. கட்ட அவுத்தா மறுபடி அதே கைதான். கம்ப்யூட்டருக்காரன்கிட்ட கையப் பத்தியும் எழுதுன்னேன். அதுக்கு இதுல எடமில்லன்னுட்டான்.”

“அப்ப அவங்க?” சுகந்தி கொல்லைப் பக்கம் காட்டினாள்.

“அவ சோத்துக்கையாலதான் சாப்புட்டா. வந்த அன்னிக்கே பாத்துட்டேன்.”

“பாத்துட்டும் பேசாம இருந்தீங்களா?”

“அப்பான்னு கூப்புட்டுக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிது. பையில ரெண்டே ரெண்டு துணி. போன்னு எப்படிச் சொல்றது? எனக்குத் தெரியும்னு அதுக்குத் தெரியாது.”

“அவங்கள வெச்சுக்கிட்டது சரி. அதை நான் கேக்கல.” சுகந்தியின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “அவங்க உங்க பொண்ணு இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்படின்னா நான் வேற எங்கயோ இருக்கணும்னும் தெரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் தேடுறத ஏன் விட்டீங்க?”

அவர் தைலச் சீசாவை மூடிக் கீழே வைத்தார்.

“சொல்லுங்க.”

“காரைக்கால், கடலூரு, மெட்ராஸு, கடலோரத்து ஹோமு எல்லாத்துக்கும் போனேம்மா. ஒன் ஆத்தாளையும் அந்தத் தண்ணிதான் கொண்டுபோச்சு. தனியாவே அலைஞ்சேன். ஒடம்பு விட்டுப்போச்சு. இவ வந்தா. வேளாவேளைக்கு சோறு போட்டா. அப்பறமும் பொண்ணத் தேடுறேன்னு கெளம்புனா, இவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“எனக்கு என்ன பதில் சொல்லுவீங்கன்னு யோசிக்கலயா?”

“நீ செத்துப்போயிட்டன்னு நெனச்சுக்கிட்டேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “நெனச்சுக்க ஆரம்பிச்சேன். அதுதான் சரியான வார்த்த” என்றார்.

மதியழகன் செய்ததையும் ரெஜினா செய்ததையும் அவள் வழியெல்லாம் நெஞ்சில் போட்டு அரைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர்களை ஒருநாள் மன்னிக்கவும் முடியலாம். அவர்கள் இல்லாததைத் தந்தவர்கள். இவர் இருந்ததை விட்டுவிட்டவர். அவருடைய மூக்கும் தன் மூக்கும் ஒன்று என்பதை அப்போதுதான் பார்த்தாள். தினம் நூறு மூக்கில் கண்ணாடி வைத்துப் பழகிய கண் அது. பார்த்து என்ன?

வெளியே யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அதுல பாப்பான்னுதான் எழுதியிருந்தீங்க. எனக்குப் பேர் வெச்சிருந்தீங்களா?”

ஆமாம் என்று அவர் தலையாட்டினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றார்.

“சாப்புட்டுட்டுத்தான் போவணும். பசியோட போவக் கூடாது” என்று சொல்லிவிட்டு, கொல்லைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“பூங்கோதை!”

கேட்டதும் ஏனென்று தெரியாமல் சுகந்தி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

“இந்தா வந்துட்டேன்ப்பா” என்று ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அந்தப் பெண் ஓடிவந்தாள்.